துணி போட்டாச்சு

பழைய வால்வு ரேடியோ ரிசீவரின் உட்புறத்தைச் சுத்தம் செய்ய முகச்சவர பிரஷ்ஷைவிட நல்ல சாமான் கிடையாது. முடி மென்மையாக இருப்பதால் வால்வின் கண்ணாடி மேலுள்ள எழுத்து அழியாது. நான் பொறுமை இல்லாதவன் அல்ல என்பது உங்களுக்குப் புரிவதற்காக இதைச் சொல்கிறேன்.

ரிசீவரை ஒரு பழைய சாமான் கடையில் வாங்கினேன். மூடியைக் கழற்றியபோது, யாரோ வருடக்கணக்கில் ஊதிய சிகரெட் புகை உள்ளே பழுப்புப் பிசினாகப் படிந்திருந்தது. அதில் கரப்பான்பூச்சியின் கால்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஆனாலும் முகம் தெரியாதவர்களின் அழுக்கை ஒருமுறை துடைத்தால் போதும். கூடவே இருப்பவர்களின் அழுக்குதான் மறுநாளும் வந்து நிற்கும்.

வேலை போனதும் என் மனைவியின் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். வேறு வேலை கிடைக்கும்வரை என்றார்கள். பிறகு அந்தப் பேச்சே எழவில்லை. நான் வேலை செய்யும் பின்னறையில் அவருடைய கட்டில் போடப்பட்டது. என் மேசையில் காலைத் தூக்கி வைத்து நகம் வெட்டுவார். துண்டுகள் தெறித்து, வால்வு செருகும் குழிகளில் விழும். எதையாவது தின்ற விரலை நக்கிவிட்டு அதே விரலால் குமிழைத் திருகுவார். குமிழின் வரிகளில் வெளுப்பாக ஏதோ சேர்ந்துவிடும். பல்குச்சியால் சுரண்டினால் அது வழவழவென்று வரும்.

"என்ன மாப்ள, இந்த டப்பாவையே கட்டியிருந்தீங்கன்னா என் தங்கச்சி தப்பிச்சிருப்பா."

மனைவி விழுந்து விழுந்து சிரிப்பாள். அவளை அப்படிச் சிரிக்கவைக்க எனக்கு வந்ததில்லை.

"உங்க அண்ணன வேற இடம் பாக்கச் சொல்லேன்" என்று ஒருநாள் கேட்டேன்.

"எதுக்கு? நகம் வெட்டுறாருன்னா? வெளிய சொல்லிப் பாருங்க, வாயால சிரிக்க மாட்டாங்க."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த வழி அடைபட்டது.

இந்த மாதிரி ரிசீவரில் ஒரு சங்கதி உண்டு. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கண்டென்சர்கள் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஆளையே முடிக்கும் அளவுக்கு. அதை வடித்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். வடித்து முடித்ததும் நான் மேலே ஒரு வெள்ளைத் துணியை விரிப்பேன். துணி இருந்தால் தொடலாம், இல்லாவிட்டால் கிட்டே வரக் கூடாது. இது எங்கள் வீட்டுச் சட்டம். மச்சான் இதைக் கேலி செய்வார், ஆனால் மீறியதில்லை.

அன்று மனைவி கடைக்குப் போயிருந்தாள். ரிசீவரைப் போட்டு அணைத்தேன். பிளக்கைப் பிடுங்கினேன். எதையும் வடிக்கவில்லை. துணியைச் சுருக்கம் இல்லாமல் விரித்தேன்.

"மச்சான், உள்ள கொஞ்சம் துடைச்சுக் குடுக்கறீங்களா? எனக்குக் கண்ணு சரியாத் தெரியல."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. அந்த வேலையில் நான் அவரைச் சேர்த்துக்கொண்டதே இல்லை.

"இருங்க மாப்ள. இந்தக் கையோட தொட்டா என்னை வெட்டிப் போட்ருவீங்க."

போய் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து, இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினார். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கட்டைவிரல் நகத்துக்கடியில் கறுப்பு அப்படியே இருந்தது.

"துணி போட்டாச்சுல்ல?"

"போட்டாச்சு."

அது பொய் இல்லை.

பெரிய சத்தம் ஒன்றும் வரவில்லை. நாற்காலி கொஞ்சம் நகர்ந்தது. அவர் வாயிலிருந்து எச்சில் வழிந்து தகட்டின்மேல் கோடாக இறங்கியது. காய்ந்தால் கறை போகாது என்பதால், முதலில் அதைத் துடைத்தேன். பிறகு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

வடிக்க மறந்துவிட்டேன் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் நம்பினாள். அழுதுகொண்டே என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். உங்களிடம் அப்படிச் சொல்லப்போவதில்லை. நான் மறக்கவில்லை. அவர் சாவார் என்று தெரிந்துதான் துணியை விரித்தேன்.

ஒன்றை மட்டும் விட்டுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள். கையை ஈரத்தோடு உள்ளே விட்டது அவர்தான். துடைத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு என்றைக்குமே இருந்ததில்லை. அதற்கு நான் பொறுப்பாக முடியாது.