பொதுச் சுவரும் உருளைச் சைக்கிளும்

2003-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 25-ஆம் தேதி, திங்கட்கிழமை, காலை 11 மணிக்கு காவல் நிலையத்தில் ஆஜராகி, கேட்கப்பட்டபோது சொன்னது.

என் பெயர் ஜாஹிரா. வயது 20. தகப்பனார் பெயர் அஹமது பாட்சா. உத்திரமேரூர் பஜார் தெருவின் பின்சந்தில் 14-ஆம் எண் வீட்டில் பெற்றோருடன் குடியிருந்து வருகிறேன். தகப்பனார் பஜாரில் இரும்புக்கடை வைத்திருக்கிறார். நான் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கல்லூரி சைக்கிள் குழுவிலும் இருக்கிறேன். மனுதாரர் சின்னராசு 15-ஆம் எண் வீட்டுக்காரர், பால் சொசைட்டியில் எழுத்தர். அவர் வீட்டுக் கூடத்துக்கும் எங்கள் பின்னறைக்கும் ஒரே சுவர்.

கடந்த ஏப்ரல் மாதம் ஒரு நாள் காலை, பெருநகர் சாலையில் பயிற்சிக்காகச் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தபோது, எதிரே மணல் ஏற்றி வந்த லாரிக்கு ஒதுங்கி வாய்க்காலில் விழுந்ததில் என் இடது காறை எலும்பு முறிந்தது. அதன் பிறகு ஆறு வாரம் கையைத் துணியில் தொட்டில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்தேன். தகப்பனார் சைக்கிளைப் பின்னறை உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டு, இனி சாலைப் பேச்சே கூடாது என்று சொல்லிவிட்டார். ஆனால் என் தாயார் ஜுனைதா வாரம் ஒருமுறை ஸ்டூல் போட்டு ஏறி அந்தச் சைக்கிளைத் துடைத்து வந்தார்.

ஆகஸ்ட் 17-ஆம் தேதி சென்னையில் மாநில அளவிலான பெண்கள் சைக்கிள் போட்டி என்று ஜூன் மாதம் தெரியவந்தது. போட்டி நடக்கும் சாலையில் வேறு வண்டி எதையும் விடமாட்டார்கள் என்பதால் தகப்பனார் அதற்கு மட்டும் சம்மதித்தார். பயிற்சி வீட்டுக்குள்தான் என்பது அவர் நிபந்தனை. அதன் பிறகு வாலாஜாபாத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் தேவராஜ் என்பவரிடம், கல்லூரியில் கொடுத்த படத்தைக் காட்டி ரோலர் ஒன்று செய்து வாங்கினோம். அது ஓர் இரும்புச் சட்டத்தில் பொருத்திய மூன்று உருளைகள். பின்சக்கரத்துக்கு இரண்டு, முன்சக்கரத்துக்கு ஒன்று. சைக்கிளை அதன்மேல் வைத்து மிதித்தால் உருளைகள் சுற்றும், சைக்கிள் நின்ற இடத்திலேயே ஓடும். பிடித்துக்கொள்ள ஏதும் கிடையாது. சாலையில் ஓட்டுவது போலவே சாய்ந்துவிடாமல் ஓட்ட வேண்டும்.

முதல் மூன்று நாளும் விழுந்தேன். இரண்டு பக்கமும் மெத்தை போட்டிருந்ததால் காயம் இல்லை. நான்காம் நாள், ஏறும்போது பிடித்திருந்த பக்கத்து ஜன்னல் கம்பியிலிருந்து கையை எடுத்தேன். தாயார் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே வந்து இருபத்திரண்டில் சிரித்துவிட்டதால் அதற்கு மேல் கணக்கில்லை. அதன் பிறகு தினமும் மாலை ஆறு மணி முதல் ஏழரை வரை ஓட்டி வந்தேன்.

ஜூலை 28-ஆம் தேதி, நாங்கள் வீட்டுக்குள் அனுமதியில்லாமல் மாவு மில் நடத்துவதாகவும், அதனால் அவர் வீட்டு விளக்கு மங்குவதாகவும், சுவர் அதிர்வதாகவும் மேற்படி சின்னராசு மனு கொடுத்திருக்கிறார். 30-ஆம் தேதி மாலை ஆறே முக்கால் மணிக்கு உதவி ஆய்வாளர் அவர்களும் காவலர் சுப்ரமணியும் சின்னராசுவுடன் பின்னறைக்கு வந்தார்கள். அப்போது நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஜன்னல் கம்பியைப் பிடித்தால்தான் இறங்க முடியும். உதவி ஆய்வாளர் அவர்கள் எனக்கும் ஜன்னலுக்கும் நடுவில் நின்றுவிட்டதால், பெயர், வயது, படிப்பு ஆகிய கேள்விகளுக்கு மிதித்துக்கொண்டே பதில் சொல்ல நேர்ந்தது. அது மரியாதைக் குறைவால் அல்ல.

சின்னராசு ஓசையைக் காட்டி, "கேளுங்க சார், மோட்டர் ஓடிக்கினு கீது" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் தெரு முழுவதும் மின்சாரம் போய்விட்டது. ஓசை மட்டும் நிற்கவில்லை. உதவி ஆய்வாளர் அவர்கள் டார்ச் அடித்துச் சக்கரத்தையும் உருளையையும் பார்த்துவிட்டு, மோட்டார் எங்கே என்று கேட்டார்.

"என் கால்தான் சார்" என்றேன்.

அதன் பிறகு அவர் நகர்ந்து வழிவிட, நான் இறங்கினேன். காவலர் சுப்ரமணி தாமே விரும்பி ஏறி, இரண்டு மிதி மிதித்து, வலது பக்க மெத்தையில் விழுந்தார். காயம் இல்லை. தொப்பி கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுக்கப்பட்டது.

ஆனால் சின்னராசு விடவில்லை. "கரன்ட் இல்ல, சரி. எங்கூட்டுச் செவுரு ஆடுறது பொய்யா?" என்று கேட்டார். உதவி ஆய்வாளர் அவர்கள் என்னை மீண்டும் ஓட்டச் சொல்லிவிட்டு, அவர் வீட்டுக்குப் போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். அலமாரியில் இருந்த எவர்சில்வர் டம்ளர்கள் ஒவ்வொன்றாக விளிம்புக்கு நகர்ந்து வந்ததை அவரே கண்டார். எனவே அந்தப் புகார் உண்மைதான். அதிர்வை நிறுத்த வழி செய்யும்வரை ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். போட்டிக்குப் பதினெட்டு நாள் இருந்தது. அன்று நான் சாப்பிடவில்லை. தகப்பனார் ரோலரை மடித்துக் கயிறு கட்டினார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே அவிழ்த்தார்.

மறுநாள் காலை தகப்பனார் முதல் பஸ்ஸில் வாலாஜாபாத் போய் தேவராஜைக் கையோடு அழைத்து வந்தார். தேவராஜ் ரோலரை எதிர்ச் சுவர்ப் பக்கம் மாற்றி, அடியில் மணல் மூட்டைகளைப் பரப்பி, அதன்மேல் லாரி டயரை வெட்டிப் போட்டார். சரியாகிவிட்டதா என்று சொல்ல சின்னராசுவின் மனைவி பச்சையம்மாளைக் கேட்டுக்கொண்டோம். அவர் ஒரு டம்ளரில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி அதே அலமாரியில் வைத்துவிட்டு, நான் ஓட்டிய அரை மணி நேரமும் அதன் எதிரில் உட்கார்ந்திருந்தார். ஒரு சொட்டும் சிந்தவில்லை. அதன் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வந்து, சிந்தவில்லை என்று சொல்லிவிட்டு, போகாமல் நின்று நான் ஓட்டுவதைப் பார்த்தார். தமக்குச் சர்க்கரை வியாதி இருப்பதாகவும், தினமும் நடக்கும்படி டாக்டர் சொன்னதாகவும், தெருவில் வேலையில்லாமல் நடக்க வெட்கமாக இருப்பதாகவும் சொன்னார். பிறகு, "இதுல நான் ஏறலாமா பாப்பா?" என்று கேட்டார்.

அவருக்கு வயது 47. அதுவரை சைக்கிள் ஓட்டியதில்லை. என் தாயார், எங்கள் வீட்டு லேடீஸ் சைக்கிளை ரோலரில் வைத்துச் சீட்டைப் பிடித்துக்கொண்டார். பச்சையம்மாள் சுவரில் புதிதாக அடித்த கட்டையைப் பிடித்துக்கொண்டு ஓட்டினார். அன்று முதல் மாலை ஆறு முதல் ஆறரை வரை அவர், அதன் பிறகு நான் என்று வழக்கமாயிற்று.

17-ஆம் தேதி போட்டியில் முப்பத்தோரு பேர் கலந்துகொண்டதில் நான் மூன்றாவதாக வந்தேன். நாலு மாதம் கழித்து முகத்தில் காற்று அடித்ததில் முதல் சுற்று முழுவதும் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டே ஓட்டியதாக உடன் ஓட்டியவர்கள் சொன்னார்கள். பச்சையம்மாளும் எங்களுடன் வேனில் வந்திருந்தார். ஓட்டியவர்கள் எல்லோரும் ஹெல்மெட் போட்டிருந்ததால் ஆள் அடையாளம் தெரியாமல், முப்பத்தோரு பேரையும் "ஜாஹிரா" என்று கூப்பிட்டு உற்சாகப்படுத்தினார். தகப்பனார் எல்லைக்கோட்டருகே நின்று என் தோளைத்தான் முதலில் தொட்டுப் பார்த்தார்.

22-ஆம் தேதி சின்னராசு மீண்டும் நிலையத்துக்கு வந்து, மாலை ஆறு மணிக்கு ஓசை திரும்பவும் கேட்பதாகவும், அந்த நேரத்தில் தமக்கு வீட்டில் காபி கிடைப்பதில்லை என்றும் சொல்லியிருப்பதாக அறிகிறேன். மேற்படி நேரத்தில் கேட்பது ரோலர் ஓசை அல்ல, ஓட்டும்போது பச்சையம்மாள் பாடுவது. காபி விஷயமாக அவரிடம் கேட்டதற்கு, "நான் எங்கியும் போவல, இங்கியேதான் ஓட்டிக்கினு கீறேன். பாலு அடுப்பாண்ட கீது, போட்டுக் குடிக்கச் சொல்லு" என்று சொன்னார். அவர் பாடுவதற்கு நான் பொறுப்பல்ல. நிறுத்தச் சொல்லவும் எனக்கு விருப்பமில்லை.

நான் சொன்னபடியே எழுதப்பட்டதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். கேட்டேன், சரியாக இருக்கிறது. இதில் கூட்டியதோ மறைத்ததோ எதுவும் இல்லை.

(ஒப்பம்) ஜாஹிரா

சாட்சி: (ஒப்பம்) பச்சையம்மாள், க/பெ. சின்னராசு