பதினோரு சாவுக்கு நான் பங்கிட்ட காரணங்கள்

புதுக்கோட்டை மாவட்டப் பெருமக்கள் அனைவருக்கும் மகிழ்ச்சியுடன் அறிவிக்கப்படுவது என்னவென்றால், நமது மாவட்டத்தில் நாற்பது முதல் ஐம்பத்தொன்பது வயது வரையுள்ள பெண்கள் எவரும் இனிமேல் காரணம் தெரியாமல் சாக மாட்டார்கள். சாவார்கள், காரணத்தோடு சாவார்கள். இந்தச் சாதனையைச் செய்தவன் நான். பெயர் நாகராசு, புள்ளிவிவர உதவியாளர்.

செவந்தி என்ற நர்சு எழுதிய கடிதத்தின் பேரில் விசாரிக்க வந்திருக்கிறீர்கள். எப்படிச் செய்தேன் என்று மட்டும் கேட்கிறீர்கள். ஏன் செய்தேன் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். டீ ஆறுகிறது, குடியுங்கள்.

திருக்கோகர்ணத்தில் ஒரு செருப்புக்கடைக்கு மேலே இருக்கிறது எங்கள் அலுவலகம். நர்சுகள் சாவு வீட்டுக்குப் போய் விசாரித்து எழுதும் படிவங்கள் என் மேசைக்கு வரும். யார், என்ன வயது, எதனால். நான் கூட்டி, வகுத்து, ஊரோடு ஊரை ஒப்பிட்டு மேலே அனுப்புவேன். அதில் 'காரணம் தெரியவில்லை' என்று ஒரு கட்டம் உண்டு. நூறு சாவில் பத்துக்கு மேல் அந்தக் கட்டத்தில் விழுந்தால், மேலிடத்திலிருந்து ஒரு குழு தானாக வந்து இறங்கும். விதி அப்படி.

அந்தக் கட்டத்தின் மேல் எனக்கு எப்போதுமே கோபம். படித்தவன் போட்ட அட்டவணையில் 'தெரியவில்லை' என்று ஒரு வரி கிடப்பது, சலவை வேட்டியில் குழம்பு சிந்திய மாதிரி. அதில் வந்து விழும் பெண்கள் மேலும் கோபம்தான். ஆண்கள் ஒழுங்காகச் சாகிறார்கள். ஆஸ்பத்திரியில் படுத்து, ஸ்கேன் எடுத்து, ஃபைலோடு சாகிறார்கள். இவர்கள் நடவு நட்டு, நூறு நாள் வேலைக்குப் போய், திரும்பி வந்து உலை வைத்துவிட்டு, ஒரு சீட்டுகூட எழுதி வாங்காமல் போய்விடுகிறார்கள்.

விசாரிக்கிற லட்சணமும் சொல்ல வேண்டும். நர்சு போனால் பந்தலில் ஆண்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வரும், பின்னாலேயே காபி வரும். "நல்லாத்தாங்க இருந்தா. பொசுக்குன்னு போயிட்டா" என்பான் புருஷன். எழுதிக்கொண்டு எழுந்துவிடுவாள். எங்கள் மருத்துவ ஆராய்ச்சி மொத்தமும் அந்த நாற்காலியைத் தாண்டிப் போனதில்லை.

செவந்தி தாண்டிப் போனாள். குடுமியான்மலைப் பக்கம் ஏழு ஊர் அவள் பொறுப்பு. வீட்டுக்குள்ளே போய், அழுது ஓய்ந்த பெண்களோடு தரையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். ஆடி மாதம் ஒரு நாள் என்னிடம் வந்தாள்.

"சார், எங்க ஏழு ஊர்ல ஒரு வருசத்துல நாப்பது அம்பது வயசுப் பொம்பளைங்க இருவத்தொம்பது பேரு செத்துருக்காங்க. பதினோரு பேருக்குக் காரணம் தெரியல. நூத்துக்கு முப்பத்தெட்டு சார். கோட்டைப்பட்டினம் பக்கம் பாருங்க, நூத்துக்கு ஆறுதான்."

"கடல் காத்து ஒடம்புக்கு நல்லதும்மா" என்றேன்.

அவள் ஒரு பொட்டலத்தை மேசையில் வைத்தாள். முட்டிவலிப் பொடி. வாரச் சந்தைக்கு வேனில் மைக் கட்டி வந்து ஒருவன் விற்கிறானாம். கோட்டைப்பட்டினம் பக்கம் அந்த வேன் போவதில்லையாம்.

"பதினோரு வீட்டு அரிசிப் பானைக்குள்ளயும் இது கெடக்கு சார். ஒரு சிட்டிகை போட்டா வலி தெரியாம நாள் பூரா குனிஞ்சு நடலாமாம். கொஞ்ச நாள்ல காலு வீங்குது, மூத்திரம் நின்னுபோகுது. ஆம்பளைங்களுக்குத் தெரியாது. இவுக சொல்றதில்ல, அவுக கேக்குறதுமில்ல."

"நீயே நிறுத்தச் சொல்ல வேண்டியதுதானேம்மா?"

"எங்க அக்கா கண்ணாத்தாளே கேக்க மாட்டேங்குது. காலு பூசணிக்கா மாதிரி இருக்கு. 'இதப் போடாம வேலைக்கு எப்புடிடி போறது, ஒங்க ஆபீசுல என்னைய ஒக்கார வைப்பாகளா'ங்குது. குழு வந்தா பொடிய டெஸ்டுக்கு அனுப்புவாங்க, அந்த வண்டியப் புடிப்பாங்க. நீங்க ஒண்ணுமே செய்ய வேணாம் சார். கட்டத்த அப்புடியே விட்டுருங்க, போதும்."

அவள் கேட்டது, நான் ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும் என்பதுதான். இருபத்தெட்டு வருட சர்வீசில் அதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. அன்று பார்த்து வேலை செய்தேன்.

எங்கள் மேலதிகாரி சிவபிரகாஷ் ஐயாவிடம் அட்டவணையைக் காட்டினேன். "நாகராசு, அடுத்த மாசம் சிறந்த மாவட்டத்துக்கு ஷீல்டு குடுக்குறாங்கய்யா. தெரியல, தெரியலன்னு எழுதவா கவர்மெண்டு நம்மளுக்குச் சம்பளம் குடுக்குது?" என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். மீதி என் கைவேலை.

பதினோரு பேரையும் தெரிந்த வியாதிகளுக்குப் பங்கிட்டேன். ஐந்து மாரடைப்பு, மூன்று சர்க்கரை, மூன்று ரத்தக் கொதிப்பு. சாதி, மதம் எதுவும் பார்க்கவில்லை. படிவம் அடுக்கியிருந்த வரிசைதான். மூக்காயி என்பவளுக்குச் சர்க்கரை வியாதி வந்தது, அவள் செத்து நாற்பது நாள் கழித்து. மற்ற ஊர்ப் படிவங்களுக்கும் அதே வைத்தியம்தான். சாயங்காலத்துக்குள் கட்டத்தில் பூஜ்யம் வந்துவிட்டது.

தெரியாமல் செய்துவிட்டேன் என்று பரிதாபப்பட்டு எழுதிவிடாதீர்கள். பொடிதான் என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். ஒப்பிடத் தெரிந்தவனுக்கு முப்பத்தெட்டும் ஆறும் போதும்.

ஷீல்டு நமக்கே கிடைத்தது, விழா நடந்தது. "ஒவ்வொரு தாயின் மறைவுக்கும் காரணம் கண்ட மாவட்டம் இது" என்று ஐயா இருபது நிமிடம் முழங்கினார். மைக் இரண்டு முறை கத்தியது. எல்லோருக்கும் கேக்கும் மிக்சரும் கொடுத்தார்கள்.

குழு வரவில்லை. வேன் வந்தது. வாரா வாரம் வந்தது.

தை பிறப்பதற்குள் அந்த ஏழு ஊரில் இன்னும் எட்டுப் பேர். எட்டாவது படிவத்தைச் செவந்தி தபாலில் அனுப்பாமல் கையில் கொண்டுவந்தாள்.

"எங்க அக்காவுக்கு என்ன வியாதி குடுக்கப் போறீங்க சார்?"

"பாத்துப் போடுறேம்மா. நீ தைரியமா போ" என்றேன்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். உண்மையாகவே யோசித்தேன். அந்த மாதம் மாரடைப்புக்கு விதித்த அளவு ஏற்கெனவே நிரம்பியிருந்தது. இன்னும் ஒன்று சேர்த்தால் அதற்கு ஒரு குழு வரும். சர்க்கரையும் கொதிப்பும் அப்படித்தான் இருந்தன. ஆகவே யாரையும் தொந்தரவு செய்யாத, எந்தக் குடும்பமும் வருத்தப்படத் தேவையில்லாத ஒரு காரணமாகத் தேடி எடுத்துப் போட்டேன்.

முதுமை.

கண்ணாத்தாளுக்கு வயது நாற்பத்தாறு.