காருக்கு வந்த விளக்கெண்ணெய்

பெரியவர்கள் அன்போடு கொடுத்தனுப்பியதை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? எனக்கு இன்னும் தெரியவில்லை.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பஸ்ஸில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தேன். முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். அவள் மடியில் ஒரு தகர டின்.

"இந்த விளக்கெண்ணெயை நானே குடிச்சாலும் குடிப்பேன், வூட்டுல நிக்கிற காருக்கு ஊத்த வுடமாட்டேன்" என்றாள் அவள்.

"ரேஸ் ஓட்றவனுங்க இதத்தான் ஊத்துறானுங்க. நம்முளுதும் ரேஸ் காருதானே, அந்தக் காலத்துல பாண்டிச்சேரி வெள்ளக்காரத் தொரை ஓட்டுனது."

"அவனுங்க ஓட்டம் முடிஞ்சதும் இஞ்சினைக் கழட்டிக் கழுவுறானுங்க. நீங்க கல்யாணத்துக்குக் கல்யாணம் எடுக்கறீங்க. அணைஞ்ச வெளக்குல இந்த எண்ணெ பிசினா ஒட்டிக்கினு கெடக்குமே, பாத்ததில்லையா? வெள்ளிக்கிழமை என் தம்பிக்கு மாப்பிள்ளை ஊர்வலம். நடுரோட்டுல இஞ்சின் புடிச்சிக்கினா, மாலையும் கழுத்துமா அவன் எறங்கித் தள்ளணுமா? கடையில விக்கிற நாப்பதாம் நம்பர் இஞ்சின் ஆயிலே போதும்."

"எங்கம்மா மல்லாட்டைக் கொல்லை வரப்புல வெளஞ்ச ஆமணக்குக் கொட்டையைக் காய்ச்சி எடுத்ததுடி. ஊத்தலைன்னா கோவிச்சுக்கும்."

"கோவிச்சுக்கட்டும். அத்தைகிட்ட நானே சொல்லிக்கிறேன்."

விக்கிரவாண்டி தாண்டியும் அவள் டின்னைக் கையிலிருந்து விடவில்லை.

என் பையிலும் ஒரு சீசா விளக்கெண்ணெய் இருந்தது. வாரம் ஒருமுறை குழந்தைக்குப் புகட்டச் சொல்லி என் மாமியார் தானே காய்ச்சிக் கொடுத்தது. டாக்டரோ கூடவே கூடாது என்கிறார். சீசாவை நான் இன்னும் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாமியார் வருகிறார். அந்தப் பெண்ணைப் போல நேராகச் சொல்லிவிடலாமா, அல்லது அவர் மனம் நோகாமல் சொல்ல வழி இருக்கிறதா? அனுபவமுள்ள சகோதரிகள் எழுதுங்கள்.