எறும்பு கடிச்ச மாதிரி

— பாஸ் போடவும் முடியல, ஃபெயில் போடவும் மனசு வரல அக்கா. பேனாவத் திறந்து வச்சுக்கிட்டு அரை மணி நேரமா இந்த மார்க் ஃபாரத்தையே பார்த்துட்டிருக்கேன்.

— அப்ப மூடி வைங்க டீச்சர். மை காஞ்சிடப் போகுது.

— விளையாடாதீங்க. ரத்தம் எடுக்கிற டெஸ்ட்ல இருபது பேர்ல பத்தொன்பது பேர் தேறியாச்சு. உங்க ஒருத்தருக்காகத்தான் நான் வீட்டுக்குப் போகாம லேப்ல உட்கார்ந்திருக்கேன். காலையில அந்தப் பெரியவர் உங்ககிட்ட என்ன கேட்டார்?

— வலிக்குமாம்மான்னு கேட்டார்.

— நீங்க?

— வலிக்குங்கய்யான்னேன்.

— பத்து நாளா நான் என்ன சொல்லிக் கொடுத்தேன்? ‘எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும், பயப்படாதீங்க.’ ஒரே ஒரு வரி! ரத்தம் பிடிக்கிறதுல எந்த டியூப் முதல்ல, எது கடைசின்னு தலைகீழாக்கூடச் சொல்றீங்க, இது மட்டும் வாயில வரமாட்டேங்குதா?

— வருது டீச்சர். தொண்டை வரைக்கும் வருது. அங்கயே உட்கார்ந்துக்குது.

— அவர் வெடுக்குனு கைய இழுத்துக்கிட்டார். வரிசையில இருந்த நாலு பேர் எழுந்து நின்னுட்டாங்க.

— ஒருத்தர் செருப்பையே மாட்டிட்டார்.

— அக்கா!

— சரி, சரி. ஆனா பெரியவர் அப்புறம் தானாவே கைய நீட்டினாரே, அதப் பார்த்தீங்களா? ‘கொஞ்ச நேரந்தான் வலிக்கும், குத்துறதுக்கு முன்னாடி சொல்றேன்’னேன். எல்லாம் முடிஞ்சப்புறம் ‘எடுத்தாச்சா?’ன்னு கேட்கறார்.

— பார்த்தேன். அதான் பேனா நகரமாட்டேங்குது. இதுல பாஸானாத்தான் நாற்பத்தாறு வயசுல முதல் வேலை. இந்தப் பிடிவாதத்துல அது போச்சுன்னா வீட்ல என்ன சொல்வீங்க?

— இது வீட்ல கத்துக்கிட்டதுதான். என் பையனுக்கு அப்ப நாலு வயசு, ஊசி போடணும். மீன் தொட்டி பார்க்கலாம் வாடான்னு கூட்டிட்டுப் போனேன். மீன் தொட்டி இருந்துச்சு, அது பொய்யில்ல. உள்ள ரெண்டு பேர் அவன அமுக்கிப் பிடிச்சாங்க. அதுல ஒரு ஆள் நான். அப்புறம் ரெண்டு வருஷம், ரோடு தாண்டறப்போ என் கையப் பிடிக்கமாட்டான் டீச்சர். கைப்பையோட வாரத்தான் பிடிப்பான்.

— நான் யாரையும் ஏமாத்தணும்னு அந்த வரியச் சொல்லலக்கா. பயந்து போயிடக் கூடாதேன்னுதான்.

— எனக்குத் தெரியாதா? நீங்க சொல்ற அழகுல எனக்கே கைய நீட்டணும்னு தோணும். அது உங்க மனசு. ஆனா எனக்கு அந்த வசதி இல்லையே. வலிக்கும்னு சொல்லிட்டா, அத எப்படிக் குறைக்கிறதுன்னு நான் தேடியாகணும். ஈரப் பஞ்சு மேல ரப்பர் குழாய வச்சு, துணிய மூடி, கண்ண மூடிக்கிட்டு தினம் விரலாலயே தடவித் தடவிப் பழகினேன். மத்தியானம் தூங்கிட்டிருந்த வீட்டுக்காரர் கையில நரம்பு தேடினா, ‘என்ன இது, திடீர்னு பாசம்?’னு எழுந்துட்டார்.

— ஐயோ, சிரிக்க வைக்காதீங்க! ஆனா எனக்கு இப்பத்தான் ஒண்ணு உறைக்குது. வலிக்காது, வலிக்காதுன்னு சொல்லிச் சொல்லியே, என் கை குத்தினா அவங்களுக்கு வலிக்குதான்னு ஆறு வருஷமா நான் பார்க்கவே இல்ல.

— கொஞ்சம் கனமான கைதான்.

— உங்களுக்கு எப்படித் தெரியும்?

— முதல் நாள் செஞ்சு காட்டினது என் கையிலதானே.

— அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?

— நீங்க கேட்கலையே.

— நல்லா வருவீங்க! இந்தாங்க, எழுதிட்டேன். தேர்ச்சி. ‘இவர் நோயாளியிடம் பேசும் முறையை மற்றவர்களும் கவனிக்கவும்’னு குறிப்பும் போட்டிருக்கேன். பெரிய டாக்டர் கேட்டா நான் பேசிக்கிறேன்.

— டீச்சர்… கண்ணு… நெசமாவா? நான் கிளம்பட்டுமா? பஸ் போயிடும், வீட்ல சொல்லணும்.

— ஒரு நிமிஷம். கையுறையப் போடுங்க. இன்னும் ஒரு ஆள் பாக்கி இருக்கு.

— இந்நேரத்துலயா? வெளிய பெஞ்சு காலியாத்தானே கிடக்கு.

— சீட்டப் பாருங்க.

— தேதி மூணு வாரத்துக்கு முந்தி இருக்கு. கழுத்துல கட்டின்னு போட்டிருக்கு. டீச்சர், இதுல உங்க பேர் இருக்கு.

— ஆமாக்கா. எழுதிக் கொடுத்த டாக்டரே ஒண்ணும் இருக்காதுன்னார், அம்மாவும் அதையேதான் சொல்றாங்க, கண்ணாடி முன்னாடி நின்னு நானும் அதையேதான் சொல்லிக்கிறேன். நீங்க எடுங்க, ரிசல்ட் வந்ததும் நீங்களே படிச்சு, என்ன இருக்கோ அத என்கிட்ட சொல்லுங்க.