பொட்டலம் இல்லாத ஊர்

இன்னும் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. விசாரிக்க இவ்வளவு தூரம், தாய்லாந்தின் வடகிழக்குக் கோடியில் இருக்கிற எங்கள் ஈசானுக்கு வந்திருக்கிறீர்கள். எழுதுகிற கை நோகாமல் முழுக் கதையும் சொல்கிறேன்.

எனக்கு அழுக்கென்றால் ஆகாது. எங்கள் ஊர்க் கடைகளில் தொங்கிய அந்த உடம்புவலிப் பொட்டலங்களைப் பார்த்தாலே குமட்டும். பெயரில்லாத ஐந்து மாத்திரை, ஐந்து நிறம், ஒரு பிளாஸ்டிக் பை. நாற்று நடுகிறவர்கள், புளித்த மீன் நாறுகிற வாயில் ஐந்தையும் மொத்தமாகப் போட்டு விழுங்குவார்கள். சுகாதாரத் தொண்டராக நான்தான் விகாரையில் ஒலிபெருக்கி பிடித்தேன். இனிப் பொட்டலத்தைத் தொடமாட்டோம் என்று புத்தர் முன்னால் ஊரே சத்தியம் செய்தது. வீடுகளில் மிச்சமிருந்தவை ஒரு பீப்பாய் நிறைய என் வீட்டுக்கு வந்தன.

இரண்டே வாரத்தில் பக்கத்து வீட்டுத் தோங்சூய் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏக்கா, பொட்டலத்தப் புடுங்கிட்ட. இடுப்பு நிமிர மாட்டேங்குது. எம் பங்கு நாத்த ஒன் ஒலிபெருக்கி வந்து நடுமா?"

மனசு கேட்கவில்லை. ஐந்தையும் கலந்து விழுங்குவதுதான் தவறு என்றுதானே பேசியிருந்தேன்? பீப்பாயில் கைவிட்டேன். வியர்வையில் ஒட்டி, எறும்பு மொய்த்துக் கிடந்தது. நாலு நிறத்தை எறிந்துவிட்டுச் சின்னப் பச்சை மாத்திரையை மட்டும் பொறுக்கினேன். அதுதான் வலியைச் சட்டென்று அடக்குகிற ஸ்டீராய்டு என்று பயிற்சியில் காட்டியிருந்தார்கள். இடித்து, மஞ்சளும் தேனும் சேர்த்து உருட்டினேன். மூலிகை உருண்டை என்று சொல்லிக் கொடுத்தேன். தினம் இரண்டு தின்றாள்; இடுப்பும் நிமிர்ந்தது.

மூன்றாம் மாதம் முகம் சட்டிபோல உருண்டது. "பாத்தியாக்கா, பணக்காரி மொகம் வந்துருச்சு," என்று சிரித்தாள். கையைப் பிடித்தால் தோல் ஈரக் காகிதமாக உரிந்தது. பிறகு வயிற்றுக்குள் ரத்தம் கசிந்து கறுப்பு வாந்தி. அந்த நாற்றத்தை நானேதான் துடைத்தேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டாள்: "என்ன மாத்திர சாப்பிட்டாங்க? தெரிஞ்சாத்தான் வைத்தியம் பாக்க முடியும்."

தோங்சூய் முந்திக்கொண்டாள்: "புத்தர் மேல ஆணையா ஒண்ணுமில்ல. அக்கா குடுத்த பச்சிலைதான். அவளையே கேளுங்க."

மறுநாள் காலை, பொட்டலம் இல்லாத ஊர் என்று எழுதிய விருதுப் பலகையை எங்கள் ஊருக்காக நான் வாங்க வேண்டியிருந்தது.

"பச்சிலைதாம்மா," என்றேன்.

பலகையோடு நான் திரும்பியபோது அவள் போய்விட்டிருந்தாள். ஆமாம், தெரிந்தேதான் சொன்னேன், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் சத்தியத்தை மீறிவிட்டோம் என்ற உறுத்தல் இல்லாமல் போனாளே, அது என்னால்தான்.

உங்கள் வீடுகளில் யாருக்கும் இடுப்பு வலிக்காதிருக்கட்டும், கண்ணுகளா. வலித்தால், என்னைப்போல் சுத்தமான கையுள்ள ஒருத்தி பக்கத்து வீட்டில் இருக்கட்டும்.