ஏன் வந்தீர்கள்?

சனிக்கிழமை சாயங்காலத்தையும் சங்கத்துக்கே தந்துவிட்ட தலைவர் அவர்களே! முன்வரிசையை முகமலர்ச்சியால் நிரப்பியிருக்கும் மூத்தோர்களே! ஊசியையும் உலையையும் ஒரே நாளில் ஆளும் தாய்மார்களே! "சீக்கிரம் முடிங்கம்மா" என்று கதவோரம் நின்று கண்ணாலேயே கெஞ்சும் தம்பிமார்களே! உங்கள் தையல் ஆலை நர்ஸின் அன்பு வணக்கம்!

பதினெட்டு ஆண்டுகள்! என்ன வலி, எங்கே வலி, எப்போதிருந்து வலி? இதையேதான் கேட்டேன். நலமாய் நடமாடுகிறவரை நிறுத்தி, "எப்படிம்மா நல்லா இருக்கே?" என்று ஒருநாளாவது கேட்டேனா? கேட்கவில்லையே!

கேட்க வைத்தது ஒரு பிழை! லீவு போட்டவர்களுக்கான படிவத்தில் "ஏன் வரவில்லை?" என்றல்லவா இருக்க வேண்டும்? நம் டைப்பிஸ்ட் கைதவறி "ஏன் வந்தீர்கள்?" என்று அடித்துவிட்டார். சிரிக்காதீர்கள், அவர் இங்கேதான் இருக்கிறார், பாவம்! லீவு போட்டவர்கள் திருதிருவென்று விழித்தார்கள். வேலைக்கு வந்தவர்களோ வாங்கி வாங்கி எழுதினார்கள்!

கட்டிங் மாஸ்டர் எழுதினார்: "வீட்ல டிவி பேசும். இங்க நான் பேசலாம்." பித்தான் பிரிவில் பதினொரு பேர் எழுதியது ஒரே வரி: "வரலேன்னா அக்கா தேடுவாங்க."

யார் அந்த அக்கா? பக்கவாதம் வந்து மீண்டு, இடக்கை இன்னும் நடுங்குகிற நம் பித்தான் அக்கா! உடம்புக்கு ஓய்வு என்று சொல்லித் திங்கள் முதல் வேலையிலிருந்து நிறுத்த ஆணை தயாராகியிருக்கிறதே, அதே அக்கா! அவர் எழுதியதைப் படிக்கிறேன்: "மாத்திரை டாக்டர் குடுத்தாரு. காலைல எழுந்திரிக்கிற காரணம் இங்கதான் இருக்கு."

மேடையில் இருக்கும் மேலாளர் ஐயா! மருந்து வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் மனிதரை எழுப்பி நடக்க வைப்பது எது? நம்மால் முடிந்த ஒரு வேலை, நம்மைத் தேட நாலு பேர், நாளை என்ன என்று தெரிந்த நிம்மதி! அக்கா மீண்டு வந்தபின் அந்தப் பிரிவில் லீவு பாதியாய்க் குறைந்ததே, எந்த மாத்திரையால் ஐயா? அவரை அனுப்பினால் பதினொரு பேரின் தெம்பும் கூடவே போகுமே! அரைநாள் வரட்டும், உட்கார்ந்து பித்தான்களை நிறம்வாரியாகப் பிரிக்கட்டும். ரத்த அழுத்தத்தை நான் தினமும் பார்க்கிறேன்!

இதோ, எழுந்துவிட்டார் மேலாளர்! என்ன ஐயா? "வரட்டும்மா" என்கிறார்! கேட்டீர்களா? தட்டுங்கள், இன்னும் பலமாகத் தட்டுங்கள்! அக்கா, அங்கிருந்து என்ன கத்துகிறீர்கள்? "நாளைக்கே வந்துடவா?"

ஐயோ, நாளைக்கு ஞாயித்துக்கிழமை அக்கா! ஆலை பூட்டியிருக்கும்!

இருந்து கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி, வணக்கம்!