நாரோடை வெட்டினது

ரோஸ்ட் பீஃப் வீட்டிலை செய்யிறது ஒண்டும் பெரிய வேலை இல்லை. பொறுமை வேணும், அவ்வளவுதான். கடையிலை அது கடதாசி மாதிரி மெல்லிசா, பணிசுக்குள்ளை குவிஞ்சு வாறதுக்கு இறைச்சி காரணமில்லை, வெட்டுறதுதான் காரணம். பின்தொடை இறைச்சி ஒரு கிலோ எடுத்து, உப்பு, மிளகுத்தூள், உள்ளித்தூள் பூசி, அவண் அடுப்பிலை நூற்றி இருபது பாகையிலை வைச்சு, உள்ளுக்குக் குத்தின வெப்பமானி ஐம்பத்திமூண்டு காட்டேக்கை வெளியிலை எடுக்கவேணும். பிறகு ஃபிரிட்ஜிலை வைச்சு நல்லா இறுகவிடவேணும். இறுகினாத்தான் மெசினிலை மெல்லிசா விழும். வெட்டினதைக் கொதிக்கிற இறைச்சித் தண்ணியிலை ரெண்டு செக்கன் தோய்ச்சு எடுத்தால் வாயிலை கரைஞ்சிடும் எண்டு சாப்பிட்ட ஆக்கள் சொல்லுவினம். எனக்குத் தெரியாது. நான் மாடு சாப்பிடாதனான்.

தங்கச்சி, நீங்கள் மொழிபெயர்க்கேக்கை விளங்காததை என்னட்டைக் கேளுங்கோ. நீங்கள் கதைக்கிறதிலை இந்தியா எண்டு தெரியுது. பணிஸ் எண்டால் அந்த உருண்டைப் பாண், நீங்கள் பன் எண்டு சொல்லுறது. குசினி எண்டால் சமையலறை. எனக்கு நொர்ஸ்க், இந்த நோர்வே மொழி, நல்லாத் தெரியும், ஒரு முதியோர் இல்லத்துக் குசினியிலை பத்தொன்பது வருசம் வேலை செய்தனான். எண்டாலும் இதைத் தமிழிலை சொல்லவேணும் எண்டு நான்தான் கேட்டனான். முந்தி ஒருக்கா இப்பிடி ஒரு மேசைக்கு முன்னாலை இருந்து நொர்ஸ்கிலை கதைச்சனான். அது சரிவரேல்லை.

அவர் பாலேந்திரன், என்ரை மனுசன். முப்பத்தைஞ்சு வருசம். எட்டு வருசத்துக்கு முன்னம் ரொறன்ரோவிலை இருக்கிற அவற்றை தம்பி இரத்தினவேல் வீட்டை போன இடத்திலை, தம்பி எங்களை எல்லை தாண்டி அமெரிக்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனவர். அங்கை ரோட்டோரக் கடை ஒண்டிலை இவர் இந்த ரோஸ்ட் பீஃப் பணிசைச் சாப்பிட்டார். செம்மஞ்சள் சீஸ் வழிய வழிய மூண்டு சாப்பிட்டார். திரும்பி வந்து, நோர்வேயிலை உப்பிடி ஒண்டு கிடைக்காது, நீ செய் எண்டார்.

நான் சொன்னனான், "எங்கடை வீட்டிலை மாடு ஏத்தினதில்லை, உங்களுக்குத் தெரியும்தானே."

"உன்ரை சாமி நோர்வேக்கு விசா எடுக்கேல்லை," எண்டு சொல்லிப்போட்டுச் சிரிச்சார். அந்தக் கிழமையே ஆரோ வித்த பழைய வெட்டுற மெசின் ஒண்டை வேண்டிக்கொண்டு வந்து குசினியிலை வைச்சார்.

பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அதுதான். ஸ்ட்ரோம்மனிலை இறைச்சி வேண்டி, பஸ்ஸிலை லோறென்ஸ்கூக்கிலை இருக்கிற எங்கடை வீட்டுக்குக் கொண்டு வருவன். முதல் நாலைஞ்சு தரம் சரிவரேல்லை. தடிப்பு எண்டார், காய்ஞ்சுபோச்சு எண்டார். ஒருநாள் ஆக்கள் வந்திருக்கேக்கை, உப்புப் பார்க்காமல் சமைக்கிற பொம்பிளை எண்டு சொல்லி, ஒரு துண்டை என்ரை வாய்க்குக் கிட்டக் கொண்டு வந்தவர். எல்லாரும் சிரிச்சவை. நான் வாயைத் திறந்தனான். அதையும் எழுதுங்கோ, திறந்தனான். பிறகு குளியலறைக்குப் போனனான்.

ஆனால் அதுக்காக நான் இதைச் செய்யேல்லை. மாட்டிறைச்சிக்காக ஒரு மனுசரைக் கொல்லுற ஆள் நானில்லை.

எங்களுக்கு ஒரு மகள், துஷாரா. பதினாறு வருசத்துக்கு முன்னம் ஹவுகன்ஸ்டுவாவிலை, ஆறாம் மாடியிலை இருந்தனாங்கள். அவளுக்குப் பதினைஞ்சு வயது. ஆரோ பெடியனோடை பஸ்தரிப்பிலை நிண்டவள் எண்டு கேள்விப்பட்டு இவர் பெல்ட்டாலை அடிச்சவர். முதல் தரமில்லை. நான்தான் முதுகுக்கு மருந்து பூசினனான். ஏழு தழும்பு. அடுத்த நாள் அவள் பள்ளிக்கூட நேர்சிட்டைச் சொல்லிப்போட்டாள். பிள்ளைகள் நலம் பார்க்கிற ரெண்டு பேர் எங்களைக் கூப்பிட்டவை. போற வழி முழுக்க இவர் எனக்குச் சொல்லித் தந்தவர். மொழிபெயர்ப்பாளர் வேண்டாம், நீயே நொர்ஸ்கிலை சொல்லு, அப்பதான் நம்புவினம் எண்டவர். நான் ரெண்டு சொல்லுத்தான் சொன்னனான். ஹுன் லீவர். அவள் பொய் சொல்லுறாள்.

அவள் அந்த அறைக்குள்ளைதான் இருந்தவள். அழேல்லை. என்னைப் பார்த்தவள், பிறகு ஜன்னலைப் பார்த்தவள். அதோடை அந்த விசயம் முடிஞ்சுது. பதினெட்டு வயது முடிய வடக்கிலை இருக்கிற ட்ரொம்சோவுக்குப் போனவள், திரும்பி வரேல்லை. அங்கை பல் வைத்தியரா இருக்கிறாள் எண்டு கோயிலிலை ஆரோ சொல்லித்தான் எனக்குத் தெரியும். பதின்மூண்டு வருசம்.

போன கார்த்திகையிலை இவருக்குப் பக்கவாதம் வந்தது. வலக்கை, வலக்கால், தொண்டை மூண்டும் விழுந்துபோச்சு. நாலு கிழமைக்குப் பிறகு பேச்சு மெல்ல மெல்லத் திரும்பிச்சுது, விழுங்கிறது திரும்பேல்லை. விழுங்கப் பழக்கிற பிள்ளை ஒண்டு வந்து எனக்கு எல்லாம் காட்டித் தந்தது. எல்லாம் அரைச்சுத்தான் குடுக்கவேணும். தண்ணியைக்கூட மாவு போட்டுத் தடிப்பாக்கவேணும். நிமிர்த்தி இருத்தவேணும். பாண், இறைச்சி கண்ணிலையும் காட்டக்கூடாது. அந்தத் தாளை ஃபிரிட்ஜிலை ஒட்டினனான். எனக்குத் தாள் தேவையில்லை. முதியோர் இல்லத்துக் குசினியிலை சிவப்பு அட்டை வைச்ச தட்டு எண்டால் விழுங்க ஏலாத ஆளின்ரை தட்டு எண்டு என்னை விட ஆருக்குத் தெரியும்? தொண்டையிலை சிக்கினால் முதுகிலை எப்பிடித் தட்டுறது எண்டு வருசா வருசம் எங்களுக்குப் படிப்பிச்சவை. ரெண்டு பேரை நான் அப்பிடிக் காப்பாத்தியும் இருக்கிறன்.

ஆஸ்பத்திரியிலை இருந்து வீட்டை கூட்டிக்கொண்டு வாற அண்டு, உடுப்புப் பையைத் தரேக்கை ஒரு நேர்ஸ் சொன்னவ, "உங்கடை மகளோடை கதைச்சனீங்களோ? அவ மூண்டு நாள் போன் எடுத்தவ. அம்மாவோடை கதைக்கவேணும் எண்டு கேட்டவ." எனக்கு விளங்கேல்லை. கோயில் ஆக்கள் ஆரோ அவளுக்கு அறிவிச்சிருக்கினம். இவரிட்டைக் கேட்டவையாம், இவர் தனக்கு மகள் இல்லை எண்டு சொல்லச் சொன்னவராம். வாய் கோணியிருந்த நேரத்திலை சிரமப்பட்டு அதைச் சொல்லியிருக்கிறார். நம்பரையும் அவை எழுதி வைக்கேல்லை.

ரெண்டு மாசம் நான் ஒண்டும் கேக்கேல்லை. அரைச்சுக் குடுத்தனான், துடைச்சனான், திருப்பிப் படுக்க வைச்சனான். வேலையை விட்டனான். பங்குனி தொடங்க ஒருநாள் கேட்டனான், "பிள்ளை எடுத்தவளாமே. ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

அவர் கனநேரம் எடுத்துத்தான் ஒரு வசனம் சொல்லுவார். நான் கரண்டியோடை காத்துக்கொண்டு நிண்டனான்.

"நீதானே... சொன்னனி," எண்டார். "அவள் பொய்காரி எண்டு. நானோ சொன்னனான்?"

பிறகு, "இந்தக் கூழ் வேண்டாம். எனக்கு என்ரை ரோஸ்ட் பீஃப் செய்து தா," எண்டார்.

அதுக்கு முதலும் ஒவ்வொரு நாளும் கேட்டவர்தான். ஏலாது எண்டு சொல்லுவன். அண்டைக்கு நான், "சனிக்கிழமை செய்து தாறன்," எண்டனான்.

உங்கடை பொலிஸ் அம்மா கேக்கிறா, கோபத்திலையோ செய்தனீங்கள் எண்டு. இல்லை. கோபமெண்டால் கையிலை கிடைச்சதாலை அடிச்சிருப்பன். நான் புதன்கிழமை பஸ் ஏறி ஸ்ட்ரோம்மனுக்குப் போய், மூண்டு துண்டை எடுத்துப் பார்த்து, நார் கூடினதாத் தெரிஞ்சு வேண்டினனான். வெள்ளிக்கிழமை அவணிலை வைச்சனான். வெள்ளிக்கிழமையிலை எங்கடை வீட்டிலை மீன்கூடச் சமைக்கிறேல்லை. அண்டைக்குச் சமைச்சனான்.

தங்கச்சி, இதைக் கவனமாச் சொல்லுங்கோ. இறைச்சியிலை நார் ஓடும், மரத்திலை ஓடுற மாதிரி. அதுக்குக் குறுக்கை வெட்டினால் நார் துண்டு துண்டாப் போகும், பல்லில்லாத ஆளும் சாப்பிடலாம். நாரோடை வெட்டினால் கயிறு மாதிரி, சப்பச் சப்ப முறியாது. எட்டு வருசம் நான் குறுக்கைதான் வெட்டினனான். அந்தச் சனிக்கிழமை மெசினை எடுக்கேல்லை. கத்தியாலை, நாரோடை, விரல் தடிப்பிலை வெட்டினனான். இறைச்சித் தண்ணியிலை தோய்க்கேல்லை. பணிசை மொறுமொறுப்பா வாட்டினனான். சீசை மட்டும் மேலாலை நிறைய ஊத்தினனான், வித்தியாசம் தெரியக்கூடாது எண்டு.

பன்னிரண்டரைக்குக் குடுத்தனான். முதுகுக்கு வைச்ச தலகாணி ரெண்டையும் எடுத்துப்போட்டுக் குடுத்தனான். முதல் கடியைக் கனநேரம் வாயிலை வைச்சிருந்தார். கண்ணிலை தண்ணி வந்தது. "நல்லாயிருக்கு, மங்களம்," எண்டார். முப்பத்தைஞ்சு வருசத்திலை நான் சமைச்சதுக்கு அவர் சொன்ன முதல் நல்ல சொல் அது. எனக்கு அப்பதான் இன்னும் கூட எரிஞ்சுது. ரெண்டாவது கடிக்கு நானே வாய்க்குக் கிட்டப் பிடிச்சனான்.

இருமல் வந்தது, பிறகு இருமலும் வரேல்லை. இடக்கையாலை என்ரை சட்டைக் கையைப் பிடிச்சார். எனக்குத் தெரியும், தோளுக்கு நடுவிலை அஞ்சு தரம் அடிக்கவேணும், பிறகு வயித்திலை அமத்தவேணும். நான் கதிரையை விட்டு எழும்பேல்லை. அவணிலை இருந்த மணிக்கூடு பன்னிரண்டு நாப்பது. நான் அவரிட்டைக் கேட்டனான், "இப்ப சொல்லுங்கோ, ஆர் பொய்காரி?" பன்னிரண்டு ஐம்பத்திநாலுக்கு அம்புலன்ஸுக்கு அடிச்சனான். எனக்கு வைச்ச சாப்பாட்டை, நான் உடுப்புத் தோய்க்கப் போன நேரத்திலை, அவர் எட்டி எடுத்திட்டார் எண்டனான். எல்லாரும் நம்பினவை. ஒரு நேர்ஸ் என்னைக் கட்டிப்பிடிச்சு, நீங்கள் செய்யக்கூடியதெல்லாம் செய்திட்டீங்கள் எண்டவ.

செத்தவீட்டுக்குத் துஷாரா வந்தவள். இவற்றை தம்பியார்தான் தேடிப்பிடிச்சு அறிவிச்சவர். எல்லாரும் போனாப்பிறகு என்னோடை குசினியிலை நிண்டு கோப்பை துடைச்சவள். என்ன நடந்தது எண்டு கேட்டவள். ஆக்களுக்குச் சொன்னதையே அவளுக்கும் சொன்னனான்.

துடைச்சுக்கொண்டிருந்தவள் நிப்பாட்டிப்போட்டு, "அம்மா, நீங்கள் மாடு சாப்பிடாதனீங்களெல்லோ," எண்டாள்.

பிறகு நான் அவளுக்கு உண்மையைச் சொன்னனான். அவள் சந்தோசப்படுவாள் எண்டு நினைச்சனான். உண்மையா அப்பிடித்தான் நினைச்சனான். "உனக்காகத்தான் பிள்ளை," எண்டும் சொன்னனான்.

அவள் துணியை மடிச்சு வைச்சாள். "நான் இதைக் கேக்கேல்லை. நான் அம்மாட்டைக் கேட்டது ஒரு வசனம். என்ரை பிள்ளை உண்மைதான் சொன்னவள் எண்டு. அதைப் போனிலை சொல்லியிருந்தாலே காணும்," எண்டாள்.

"அப்ப அவர் இருக்கேக்கை நான் எப்பிடிச் சொல்லுறது?"

"சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்து வெளியிலை வந்து சொல்லியிருக்கலாம்," எண்டாள். "கதவு பூட்டியிருக்கேல்லை அம்மா."

அடுத்த நாள் காலமை அவள்தான் பொலிசுக்கு அறிவிச்சது. என்னட்டைச் சொல்லிப்போட்டுத்தான் செய்தவள். அவள் சொன்னது முழுக்க உண்மை. இந்த விசயமும், அந்த ஏழு தழும்பும். பழைய விசயம் இந்த வழக்கோடை சேராது எண்டு பொலிஸ் அம்மா சொல்லுறா. சேருதோ இல்லையோ, எழுதுங்கோ. எழுதினாத்தான் கையெழுத்து வைப்பன்.

கடைசியா ஒண்டு. அவர் தனியக் கிடந்து செத்தவர் எண்டு ஊரிலை கதைக்கினமாம். அது பிழை. நான் அப்பிடி விடுற ஆளில்லை. நாலு மாசம் ராப்பகலாய், அந்தப் பதினாலு நிமிசமும் சேர்த்து, பக்கத்திலை இருந்து நான்தான் அவரைப் பார்த்தனான்.